புகைபோக்கிக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டி என்ன ஆகப்போகிறது?

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. பெட்ரோல் செலவு, மின்சார ஸ்கூட்டர், மோட்டார் பம்ப், சுரங்கம் எடுத்த நிலம் என்று பேச்சு வேறாக இருந்தாலும், நான்கின் அடியிலும் இருப்பது பருவநிலை மாற்றம்தான். அதனால் நான்குக்கும் இங்கே சேர்த்தே பதில்.

கேள்வி 1: ''எங்களுக்கு மூணு ஏக்கர் நிலம். மகன் சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. மருமகள் வடலூர்ல கடை வேலைக்குப் போகுது. பேரன் பதினொண்ணாவது படிக்கிறான். வீட்ல மூணு வண்டி நிக்குது. போன வாரம் பேரன், 'தாத்தா, இனிமே நான் சைக்கிள்லயே பள்ளிக்கூடம் போறேன். பெட்ரோல் புகையாலதான் பூமி சூடாவுதுன்னு சார் சொன்னாரு'ன்னான். அவங்க அப்பன் சிரிச்சுட்டான். 'டேய் தம்பி, எதிர்ல அம்மாம் பெரிய புகைபோக்கி ராப்பகலா புகையுது. நீ சைக்கிள் மிதிச்சு என்னடா ஆவப்போவுது?'ன்னு கேட்டான். ரெண்டு பேருல யார் சொல்றது சரி?''

*- குறிஞ்சிப்பாடி ஒன்றியத்து விவசாயி ஒருவர்*

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அப்பா பக்கத்துக் கணக்கு

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ல் முதல் சுரங்க வேலை ஆரம்பமானது. 1962-ல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுத்தது. அந்தப் பழைய நிலையம் 58 ஆண்டுகள் ஓடி, 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. இப்போது நெய்வேலியில் ஓடும் நிலையங்களில் 1,470 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் அனல்மின் நிலையம், 420 மெகாவாட் விரிவாக்க நிலையம், 1,000 மெகாவாட் புதிய நிலையம் ஆகியவை அடங்கும்.

பழுப்பு நிலக்கரியில் பாதி எடை ஈரம்தான். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி எரிக்கும்போது சுமார் 1.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 'ஒரு கிலோ எரித்தால் அதைவிடக் கூடுதலான எடையில் வாயு எப்படி வரும்?' என்று கேட்கத் தோன்றும். கரியில் இருக்கும் கார்பன், காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் அந்த வாயு உண்டாகிறது. கூடும் எடை ஆக்சிஜனுடையது.

1,000 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட். அதற்கு 1,100 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு விநாடிக்கு 300 கிலோவுக்குச் சற்று மேல்.

இப்போது கடிதம் எழுதியவர் வீட்டுக் கணக்கு. மகன் வேலைக்குப் போக 12 கிலோமீட்டர், வர 12 கிலோமீட்டர். மாதம் 25 நாளுக்கு 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியென்றால் 12 லிட்டர். மருமகள் வடலூருக்குப் போய்வர நாளுக்கு 16 கிலோமீட்டர். மாதம் 400 கிலோமீட்டர், 8 லிட்டர். மூன்றாவது வண்டியில் தாத்தா பேரனைப் பள்ளியில் விட்டு வருகிறார், மாலையில் மறுபடி போய்க் கூட்டி வருகிறார். பள்ளி 4 கிலோமீட்டரில் இருந்தாலும், போக, வர என்று இரண்டு நடையும் சேர்ந்து நாளுக்கு 16 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. கடைத்தெரு, வயல் என்று சில்லறை ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 450 கிலோமீட்டர், 9 லிட்டர்.

மொத்தம் மாதம் 29 லிட்டர், ஆண்டுக்கு 348 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அப்படியானால் இந்த வீட்டின் மூன்று வண்டிகளும் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது ஏறத்தாழ 800 கிலோ.

ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க ஓட்டும் மூன்று வண்டிப் புகையை, அந்த 1,000 மெகாவாட் நிலையம் மூன்று விநாடிக்குள் விட்டுவிடுகிறது. அப்பா சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது.

பேரன் பக்கத்துக் கணக்கு

அந்த மூன்று விநாடியை ஒரு வீட்டோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள்தான். இதே அளவு ஓடும் ஒரு கோடி வீடுகளைச் சேர்த்தால் மூன்று கோடி விநாடி ஆகும். ஓர் ஆண்டுக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் விநாடிகள். அதாவது, ஒரு கோடி வீட்டு வண்டிகள் சேர்ந்தால், அந்தப் பெரிய நிலையம் முழுத் திறனில் ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓடியதற்குச் சமம். ஒரு கோடி வீட்டு வாசலில் பிரிந்து நிற்பதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புகைபோக்கி தனக்காகப் புகைவதில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று பல வீடுகளில் விளக்காக, மிக்ஸியாக, ஏ.சி-யாக ஓடுகிறது. வயலில் ஓடும் மோட்டாரும் அதில் சேர்ந்ததே.

பேரன் சொன்னதில் உள்ள குறை ஒன்றுதான். தான் சைக்கிள் மிதித்தால் போதும் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. மின் நிலையம் எத்தனை நாள் ஓட வேண்டும், அதற்குப் பதில் எது வர வேண்டும் என்பதை அரசும் மின்வாரியமும் முடிவு செய்கின்றன. அந்த முடிவைச் சைக்கிள் மாற்றாது. கிராம சபையிலும் வாக்குச்சாவடியிலும் கேட்கும் கேள்விதான் மாற்றும். அப்பா சொன்னதில் உள்ள குறையும் ஒன்றுதான். பெரியவன் செய்யும்வரை நான் செய்ய மாட்டேன் என்றிருந்தால், அதில் முதலில் காலியாவது அவருடைய சட்டைப் பைதான். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், ஆண்டுக்கு 34,800 ரூபாய் பெட்ரோலுக்குப் போகிறது. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை கிடையாது.

எங்கே குறைக்கலாம்?

எல்லாப் பயணத்தையும் ஒரேயடியாக மாற்றப் பார்த்தால் பத்து நாளில் பழைய கதைக்கே திரும்பிவிடும். எது சுலபமோ அதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பேரன். 4 கிலோமீட்டர் என்பது சைக்கிளில் 20 நிமிடம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். பல வீடுகளில் அது திண்ணையில் சாய்ந்து துருப்பிடிக்கிறது, சில வீடுகளில் பாதி விலைக்குப் போய்விடுகிறது. அதற்குக் காற்றடித்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டாலே, தாத்தாவின் இரண்டு நடையும் மிச்சம். மாதம் 7 லிட்டர். சாம்பல் லாரியும் கரும்பு டிராக்டரும் ஓடும் சாலையில் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கும். அது நியாயமான பயம். உள்ளூர்த் தெருக்கள் வழியாகப் போக முடிந்தால் அதையே பழக்கலாம். ஒரே ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து போகலாம். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவது அவசியம். சேர்ந்து போகும் பிள்ளைகளை லாரிக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கேலி பேசிய ஊர்களே பிறகு பழகிக்கொண்டன. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தண்ணீர் எடுக்க, காய் விற்க, வேலைக்குப் போக என்று சைக்கிளில் கிளம்பினார்கள். அப்போது யாரும் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. யாருடைய துணைக்கும் காத்திருக்காமல் போய்வர முடிந்ததே அவர்களுக்குப் பெரிய லாபமாக இருந்தது.

அடுத்து மருமகள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் எப்படியும் ஓடப்போகிறது. அதில் ஒருவர் கூடுதலாக ஏறுவதால் டீசல் செலவு பெரிதாகக் கூடாது. மாதம் 25 நாளில் 20 நாள் பஸ்ஸில் போனாலே 6 லிட்டருக்கு மேல் மிச்சம். இங்கே உண்மையான சிக்கல் நேரம்தான். காலை 9 மணிக்குக் கடை திறக்க வேண்டும், பஸ்ஸோ 9.10-க்குத்தான் ஊருக்கே வருகிறது என்றால், வண்டியை எடுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. இதை வீட்டுக்குள் முணுமுணுத்துப் பயனில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுத் தீர்மானம் போடலாம். அதன் நகலைப் பணிமனைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். ஊர் சேர்ந்து கேட்கும்போது அந்த மனுவுக்கு எடை கூடும்.

கடைசியாக மகன். சுரங்க வேலை மூன்று ஷிப்ட்டில் நடப்பது. இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தில் 12 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்வது ஆபத்தான யோசனை. அவருக்குப் பொருந்துவது சேர்ந்து போவது. ஒரே ஊரில், ஒரே ஷிப்ட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒரு வாரம் இவர் வண்டி, மறு வாரம் அவர் வண்டி என்று மாற்றிக்கொண்டால் 12 லிட்டர் 6 லிட்டராகிவிடும். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அரைத் தூக்கத்தில் தனியாக வருவதைவிடப் பேச்சுத்துணையோடு வருவது பாதுகாப்பும்கூட. இதோடு வாரம் ஒருமுறை டயரில் காற்றைச் சரிபார்ப்பது, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது, ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைப்பது ஆகிய மூன்றும் காசு செலவில்லாத வேலைகள்.

மூன்றையும் கூட்டினால் மாதம் 29 லிட்டரில் 19 லிட்டர் குறைகிறது. பள்ளி விடுமுறை, பஸ் வராத நாள், மழை நாள் எல்லாம் கழித்தாலும் ஆண்டுக்கு 200 லிட்டருக்குக் குறையாது. அது 20,000 ரூபாய், 460 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மாதம் இப்படி ஓடினால், மூன்றாவது வண்டி தேவையா என்பது அந்த வீட்டுக்கே தெரிந்துவிடும். அதற்குக் கட்டும் இன்ஷூரன்ஸும் சர்வீஸ் செலவும் தனி மிச்சம்.

கேள்வி 2: ''மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம்னு இருக்கேன். ஆனா, நெய்வேலியில சார்ஜ் பண்ற ஸ்கூட்டர் நிலக்கரியிலதானே ஓடுது? அதுக்குப் பெட்ரோல் வண்டியே மேல்னு கூட வேலை செய்றவங்க சொல்றாங்க. உண்மையா?''

*- மந்தாரக்குப்பம் வாசகர்*

கேள்வி சரியானது. பதில் கணக்கில் இருக்கிறது.

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 46 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும். மின்சாரம் முழுக்கப் பழுப்பு நிலக்கரியிலிருந்தே வருகிறது என்று வைத்தாலும், கம்பி வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 40 கிராம் வரும். அதாவது, மிக மோசமான நிலையிலும் பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

ஆனால், வீட்டுக்கு வரும் கம்பியில் நெய்வேலி மின்சாரம் மட்டும் வருவதில்லை. மின் தொகுப்பில் காற்றாலை, சூரிய ஒளி, நீர் மின்சாரம், அணு மின்சாரம் எல்லாம் கலந்தே வருகின்றன. நாட்டின் சராசரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 23 கிராம்தான், பெட்ரோலில் பாதி. மின் தொகுப்பில் சூரிய மின்சாரம் கூடக் கூட, அதே ஸ்கூட்டரின் புகைக் கணக்கு தானாகவே குறையும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழுப்பு நிலக்கரியில் தொடங்கிய நெய்வேலி நிறுவனமே இப்போது 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்களை வைத்திருக்கிறது.

செலவைப் பார்த்தால், மாதம் 600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,200 ரூபாய். மின்சாரம் 20 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 160 ரூபாய். ஆனால், இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிவிடக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து பேட்டரி மாற்ற வேண்டிவந்தால் அது பெரிய தொகை. வாங்கும்முன் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரன்ட்டி, பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூரைக்குக் கீழே, எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் சார்ஜ் போட வேண்டும். வைக்கோல் போர், விறகு அடுக்கு, மாட்டுக் கொட்டகை அருகில் சார்ஜ் போடவே கூடாது. நாளுக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடுபவருக்குப் பழைய வண்டியையே பார்த்து ஓட்டி, மீதியைச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போவதே லாபம். புது ஸ்கூட்டரைத் தயாரிக்கவும் இரும்பும் மின்சாரமும் செலவாகிறது என்பதை மறக்கக் கூடாது.

சொந்தமாகக் கான்கிரீட் கூரை உள்ளவர்கள் சூரிய மின் தகடு போடலாம். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கொடுக்கும். ஒரு நாள் வெயில் ஸ்கூட்டரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும்.

கேள்வி 3: ''பெட்ரோல், பஸ்னு பேசுறாங்க. விவசாயி வீட்ல வண்டியைவிட மோட்டார்தானே அதிகம் ஓடுது? அதுல ஏதும் குறைக்க முடியுமா?''

*- விருத்தாசலம் பக்கத்து வாசகி*

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார் இந்த வாசகி. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. 5 ஹெச்.பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4 யூனிட்டுக்குக் குறையாது. ஒரு நெல் பட்டத்தில் 100 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தால் 400 யூனிட். தேசிய சராசரிப்படி 280 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அது 120 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

எப்படிக் குறைப்பது? போர் தண்ணீரில் நெல் வைப்பவர்களுக்குத் தெரிந்த 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையே போதும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மட்டம், வயல் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த தண்ணீர். அப்போது 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கும் சம்பா பட்டத்துப் பள்ளக்கால் வயலுக்கு இது சரிவராது. நவரை, குறுவை போன்ற இறவைப் பட்டத்துக்குத்தான் பொருந்தும்.

இதில் இரட்டை லாபம் உண்டு. தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப்புகாத சேற்றிலிருந்து மீத்தேன் வாயு வருகிறது. இதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். அளவுக்கு அளவு பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. வயல் இடையிடையே காய்ந்தால் மீத்தேன் 30 முதல் 50 சதவிகிதம் வரை குறையும்.

உரத்திலும் இதே கதைதான். கரும்பு, காய்கறி போன்ற மேட்டுப் பயிர்களுக்குப் போடும் தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகக் காற்றில் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலிருந்து சராசரியாக இப்படிப் போகும் வாயு, ஏறத்தாழ 90 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான சூட்டைத் தருகிறது. ஒரு மூட்டையைக் குறைத்தால், கிட்டத்தட்ட 39 லிட்டர் பெட்ரோலைக் குறைத்த மாதிரி. மண் பரிசோதனை செய்து, தொழுவுரம், தக்கைப்பூண்டு, பயறு வகை ஊடுபயிர் என்று வைத்து, யூரியாவைப் பிரித்துப் போடுகிறவர்கள் தங்களை அறியாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுப்பையும் கவனிக்கலாம். நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் நாளுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால், 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். அது 16, 17 நாளில் ஒரு சிலிண்டர் அளவுக்குச் சமமான எரிவாயு தரும். கழிவாக வரும் குழம்பு நேராக வயலுக்கு உரம். குழாயில் கசிவு இல்லாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கசிவது மீத்தேன் என்பதால், எரியாமல் போகும் ஒவ்வொரு பங்கும் கெடுதல்தான்.

கேள்வி 4: ''சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தது நாங்க. தண்ணி கீழ போனதும் எங்களுக்குத்தான். தானே புயல்ல முந்திரி விழுந்ததும் எங்களுக்குத்தான். இப்ப சிக்கனமா இருங்கன்னு எங்ககிட்டயே வந்து சொன்னா எப்படி?''

*- சேத்தியாத்தோப்பு பக்கத்து விவசாயி*

இந்தக் கோபம் நியாயமானது.

பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சுற்று வட்டார விவசாயிகள் கிணறு, போர் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிடுவது இதனால்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் நேரத்தில் நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்பது விவசாயிகளின் கேள்வி. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொரு பக்கம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. 2024-ல் ஃபெஞ்சல் வந்தது. ஒவ்வொரு புயலையும் 'இது பருவநிலை மாற்றத்தால் வந்தது' என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கடல் சூடாக ஆக, புயலுக்குப் பலம் கூடுகிறது. காற்று சூடாக ஆக, அது சுமக்கும் ஈரமும் கூடுகிறது. ஒரே நாளில் கொட்டும் மழைக்கு அது வழி செய்கிறது.

ஆகவே, சைக்கிள், பஸ், காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதெல்லாம் யாருக்கோ செலுத்தும் கடன் கிடையாது. அதில் மிஞ்சும் பெட்ரோல் காசும் தண்ணீரும் அந்த விவசாயிக்கே. அவற்றைச் செய்பவர், 'நான் என் பங்கைச் செய்தேன், உங்கள் பங்கு எங்கே?' என்று நிமிர்ந்து கேட்கலாம். கேட்க வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலத்திலிருந்து விலக்கியது, தமிழ்நாடு ஒரே குரலில் கேட்டதால்தான்.

முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டில் மூடப்பட்டதுபோல, மற்றவையும் ஒருநாள் மூடப்படும். அப்போது ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வேலை? தோண்டிய நிலம் எந்த நிலையில் திரும்பும்? டவுன்ஷிப்பை நம்பிப் பால், காய்கறி, கீரை விற்கும் சுற்றுவட்டார விவசாயிக்கு என்ன வழி? சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டிய கேள்விகள் இவை.

முதல் கடிதத்து வீட்டுக்குத் திரும்பினால், அங்கே சண்டைக்கு வேலையே இல்லை. ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகம் போதும். முதல் 15 நாள் எதையும் மாற்றாமல், யார் எங்கே போனார்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று மட்டும் எழுதலாம். அடுத்த 15 நாள் பேரன் சைக்கிளில், மருமகள் பஸ்ஸில், மகன் கூட்டாளியோடு என்று போய்ப் பார்த்து, மறுபடியும் எழுதலாம். கணக்கு எழுதும் பொறுப்பு பேரனுக்கு. மாதக் கடைசியில் மிஞ்சிய பணத்தை எண்ணும் பொறுப்பு அவன் அப்பாவுக்கு.